மூன்றாம் ஓலை

ஆராதனையின் நடுவே சுகிர்தம் செவிமணியைக் கழற்றியது வேண்டுமென்று செய்த குற்றமன்று. காதுக்குள் பொறுக்க முடியாமல் எழுந்த அரிப்பே அதற்குக் காரணம்.

ஒலிவாபுரம் மீட்பர் ஆலயத்தில் அவ்வாறு செய்வது, ஜெபவேளையில் கண்ணைத் திறந்து நாற்புறமும் பார்ப்பதற்கு ஒப்பான அடக்கமின்மையாகக் கருதப்பட்டது. ஆகையால் அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்து விடுபவள்போல் பாவனை செய்து, வேப்பம்பழ அளவே உள்ள அக்கருவிகள் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். 

ஆலயத்தில் பேச்சொலியே இல்லை. மின்விசிறிகள் சுழலும் ஓசையும், எங்கோ ஒரு பெஞ்சு கிரீச்சிடும் ஓசையும் மட்டுமே கேட்டன. பீடத்தருகே போதகர் அருள்திரு ஞானாதிக்கம், அங்கியில் செருகிய சிறிய ஒலிவாங்கியை நோக்கி, தமக்குத் தாமே பேசிக்கொள்பவரைப்போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர் தோள் குலுங்க விம்மினார். அவருடைய தோளை உரசியபடி அமர்ந்திருந்தவரோ அதே நொடியில் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பெண் கைகளை உயர்த்தி "ஆமென்" என்றாள். அவளுக்கு ஆமென் எனத் தோன்றியது வேறெவருக்கும் தோன்றவில்லை. நானூறு பேர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஏன் அழுகிறார் என்று மற்றொருவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

செவிமணிக்குள் பேசும் செயலிக்கு 'ஆறுதல்' என்று பெயர். சபையார் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம் ஜெபங்களை அதனிடம் வாய்விட்டுச் சொல்வர். அது அவற்றையெல்லாம் நினைவில் இருத்தி, போதகர் நிகழ்த்தும் ஒரே பிரசங்கத்தை, அவருடைய குரலிலேயே, கேட்பவர் மனநிலைக்கு ஏற்பத் திருத்தி அவரவர் செவிக்கு வழங்கும். நோயாளிக்குச் சுகத்தைப் பற்றியும், பிள்ளையில்லாதவளுக்கு, ஜெபித்துப் பிள்ளை பெற்ற அன்னாளைப் பற்றியும் ஒரே வேளையில் ஒரே குரல் பேசும். "இன்னைக்கு ஆண்டவர் எங்கூடவே பேசுனாரு" என்று கண்ணீரோடு சொல்லாதவர் ஊரில் எவருமிலர். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கச் சென்றவர்களும் அதே நேரத்தில் கேட்டனர். வெறுமையாய்க் கிடந்த பின்வரிசைகள் நிரம்பின, ஒலிபெருக்கிகள் இறக்கப்பட்டன. நாளடைவில் ஆலயத்தில் மட்டுமன்றி வீட்டிலும், சந்தையிலும், தொலைபேசியில் பேசும்போதும் செவிமணி எவர் காதையும் விட்டு அகலாததாயிற்று.

அறிவிப்பு வேளை வந்தது. சுகிர்தம் தன் செவியைக் கூர்மையாக்கினாள். மூன்றாம் வரிசையில் இருந்தமையால் போதகரின் வெறுங்குரல் மங்கலாகவேனும் அவளுக்கு எட்டியது.

"ஒலிவாபுரம் காலஞ்சென்ற ஜேசுதாசன், சுகிர்தம் ஆகியோரின் மகள் எப்சிபாவுக்கும், கிருபாநகர் சேகரத்தைச் சேர்ந்த மோசஸின் மகன் ரெஜினால்டுக்கும் வருகிற வியாழக்கிழமை விவாகம் நடைபெற இருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இவர்களை இணைப்பதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால், அதைத் தெரிவிக்கக் கடவர்கள்."

அந்த ஓலையை எழுதியவளே சுகிர்தந்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வாலயத்தின் எழுத்தர் அவள். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகள் சபையறிய ஓலை வாசிப்பதும், மூன்றாம் ஓலை முடிந்ததும் சபையார் திரும்பிப் பெண்ணின் தாயைப் பார்த்துப் புன்னகைப்பதும் அவ்வூர் வழக்கம். இந்தப் புன்னகைக்காக அவள் நெடுங்காலம் காத்திருந்தாள். மகளுக்கு அமைந்த முதல் சம்பந்தம், யாரோ சொன்ன ஒரு தடையினால் இரண்டாம் ஓலையோடு நின்றுபோயிற்று. எப்சிபாவுக்கு இப்போது வயது இருபத்தொன்பது.

சிலர் திரும்பிப் புன்னகைத்தனர். ஆயினும் அவளருகே, முழங்கை படும் தொலைவில் அமர்ந்திருந்த ராஜபாய் டீச்சர் திரும்பவில்லை. கண்களை மூடி, ஏதோ இனிய செய்தியைக் கேட்பவரைப்போல் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசற்படியில் இறங்கும்போது, ராஜபாய் செவிமணிகளைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் கேட்டாள்.

"டீச்சர், ஓலை கேட்டீயள்லா?"

"யாருக்கு ஓலை?"

"எப்சிக்குத்தான். மூணாம் ஓலை."

ராஜபாய் நின்றுவிட்டார். "ஏட்டி, எப்சிக்குக் கலியாணமா? ஒரே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு இப்படி மூடி மறைச்சிட்டியே! நான் என்ன கண்ணு போடவா போறேன்?"

"மூணு வாரமா வாசிக்காவ, டீச்சர்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு. இந்த வயசுல என்னைச் செவிடியாக்காத."

டீச்சரின் மகள் நாற்பதை எட்டியும் மணமாகாமல் வீட்டில் இருப்பவள். அதனால் சொன்ன பொய்யோ என்று சுகிர்தம் ஒரு கணம் எண்ணினாள். ஆனால் அம்முகத்தில் பொய்யில்லை. உண்மையான வியப்பே இருந்தது. 

அவள் நேரே பீடத்திற்குப் பின்னுள்ள அறைக்குச் சென்றாள். முன்பு பாடகர் குழுவினர் அங்கி மாற்றிய அவ்வறையில் இப்போது திரைகளும் கம்பிகளும் நிறைந்திருந்தன. அவற்றைப் பராமரிக்கும் வெஸ்லி அவளுடைய கணவருக்குத் தம்பி முறை. ஆலயத்தில் செவிமணி அணியாத ஒரே மனிதன். காரணம் கேட்டால் காது சொறியும் என்பான். அவள் நடந்ததைச் சொன்னதும் அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"மதினி, அது கோளாறு இல்ல. அதுக்கு என்ன சொல்லியிருக்கோ அதைத்தான் செஞ்சிருக்கு."

"ஓலையை முழுங்கச் சொல்லியிருக்கா?"

"நோவுத செய்தியைக் காதுக்குக் குடுக்காதன்னு சொல்லியிருக்கு. கலியாணப் பேச்சைக் கேட்டாலே மனசு ஒடியுதுன்னு ஒருத்தர் ஜெபிச்சா, ஓலை வாசிக்க நேரத்துல அவுகளுக்கு மட்டும் பைபிள்ல உள்ள ஒரு சங்கீதம் ஓடும். நம்ம போதகர் ஐயர் குரல்லயே ஓடும். ஒரு நிமிசந்தான். யாருக்கு நட்டம்?"

சுகிர்தம் அவனை உற்று நோக்கினாள். "ஓலையை ஊரறிய வாசிக்கது எதுக்கு, வெஸ்லி?"

"தடை இருந்தா சொல்லத்தான்."

"தடை தெரிஞ்சவன் யாரு? அந்த ஓலை யாருக்கு நோவுதோ அவன்தான. அவன் காதைப் போயி நீ பொத்திட்டா, மிச்சமுள்ள ஆளுக்கு எதுக்கு வாசிக்க?"

இக்கேள்வி வெஸ்லிக்கு இதற்குமுன் தோன்றவேயில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"எத்தனை பேருக்குக் கேக்கல? அதையாவது பாத்துச் சொல்லு."

அவன் திரையில் எதையெதையோ தொட்டான். "பதினேழு பேரு. உள்ளூரு, வெளியூரு எல்லாம் சேத்து."

"யாரு யாரு?"

"பேரு காட்டாது. ஜெபத்துல சொன்னது ரகசியம்லா? ஐயரே கேட்டாலும் காட்டாது. காரணம் மட்டும் காட்டும். பதினஞ்சு பேருக்கு 'கலியாணப் பேச்சு'ன்னு போட்டிருக்கு. மத்த ரெண்டு பேருக்கு..." அவன் குரல் தாழ்ந்தது. "மத்த ரெண்டு பேருக்கு 'மணமகன் பெயர்'னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"ரெஜினால்டுங்கிற பேரு இனிமே எங்காதுல விழக்கூடாதுன்னு ரெண்டு பேரு ஜெபிச்சிருக்காவ, மதினி."

அறையிலிருந்த குளிரூட்டியின் காற்று அவளுக்குத் திடீரெனத் தாங்க முடியாததாயிற்று. நான்கு நாள்களில் தன் ஒரே மகளை ஒப்படைக்கவிருக்கும் ஒருவனுடைய பெயரைக் கேட்கவும் அஞ்சுகிற இருவர் இச்சபையில் இருக்கின்றனர். அவர்களுக்கு என்ன தெரியும்? அவன் அவர்களுக்கு என்ன செய்தான்?

"இதை நிறுத்து. எல்லாருக்கும் திரும்ப வாசிக்கச் சொல்லுதேன்."

"ஐயர் சொல்லாம என்னால நிறுத்த முடியாது. அவரு மாநாட்டுக்கு மதுரைக்கு இப்பவே கிளம்புதாரு, புதன்கிழமைதான் வருவாரு. நிறுத்துனாலும் என்ன ஆவுமோ! முதல்ல பிரசங்கம் மட்டுந்தான் மாத்துச்சு. பெறவு அறிவிப்பு. போன கிறிஸ்மஸ்ல இருந்து எதிர நிக்க ஆளு பேசுததையும் மாத்துது. மணி காதுல இருந்தா வெளிச்சத்தம் எல்லாம் அது வழியாத்தான உள்ள போவும்? ஆளு குரல் அப்படியே இருக்கும், சொல்லு மட்டும் லேசா மாறும். சண்டை குறைஞ்சிருக்குன்னு எல்லாருக்கும் சந்தோசம். ஒரே நாள்ல இதைப் பிடுங்குனா ஊரே அழும்."

அன்று அவள் வீட்டிற்குச் சென்று, செவிமணிகளை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். மறுநாள் காலையில் ஓலையின் படியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஆலயம் அவள் மகளின் ஓலையைச் சபைக்கு வாசிக்கவில்லையாயின், வீடு வீடாகச் சென்று அவளே வாசிப்பாள். பெயரைச் சொல்லும்போது எந்த முகம் மாறுகிறது என்று பார்ப்பாள். இதுவே அவளுடைய திட்டம்.

முதல் தெருவில் சாம்ராஜ் அண்ணாச்சி வாசலில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன சுகிர்தம், எலக்சனா? வீடு வீடா வாரியளாமே!"

"ஓலை வாசிக்க வந்தேன், அண்ணாச்சி. காதுல உள்ளதைக் கழத்துங்க."

"கழத்துனா எங்க வீட்டுக்காரி பேசுதது கேக்குமே!" என்று கூறி அவர் கடகடவெனச் சிரித்தார். எனினும் கழற்றினார். கழற்றியதும் அடுக்களையிலிருந்து ஒரு குரல் சுவரில் மோதித் தெறித்தது.

"காலையில இருந்து நெஞ்சு வலிக்குன்னு கத்துதேன்! ஒரு மனுசனுக்குக் காதுல விழுதா பாரு!"

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது. "நெஞ்சு வலியா?" என்றார் மெல்ல. "பாட்டுல்லா பாடிட்டு இருந்தா..." செய்தித்தாள் சரிந்து விழ, அவர் உள்ளே ஓடினார். சுகிர்தமும் உடன் ஓடி, அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டே அடுத்த வீட்டிற்குச் சென்றாள். இந்த ஊரில் இன்னும் எத்தனை அடுக்களைகளிலிருந்து எவரெவர் கத்திக்கொண்டிருக்கின்றனரோ என்ற எண்ணத்தை அவளால் உதற இயலவில்லை.

திங்கள் முழுவதும் எழுபது வீடுகள். செவ்வாய் நண்பகலுக்குள் மேலும் ஐம்பது. சிலர் கழற்ற மறுத்தனர். சிலர் கழற்றி, ஓலையைக் கேட்டு, வாழ்த்திவிட்டு அவசரமாக மீண்டும் பொருத்திக்கொண்டனர். ஒரு முகமும் மாறவில்லை.

செவ்வாய் மாலை நான்கு மணியளவில் தெபோராள் சிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அரசு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்த கைம்பெண் அவர். வேண்டுகோளின்படி செவிமணியைக் கழற்றிவிட்டு, கதவில் சாய்ந்து நின்று கேட்டார். ரெஜினால்டு என்ற சொல் சுகிர்தத்தின் வாயிலிருந்து வெளிப்பட்டதுதான் தாமதம். தெபோராளின் கை கதவுநிலையை இறுகப் பற்றியது. உதடுகள் வெளிறின.

"அந்தப் பேரை எதுக்கு எவ்வாசல்ல வந்து சொல்லுதிய?"

"சிஸ்டர், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். அவனைப் பத்தி என்ன தெரியுமோ சொல்லிருங்க. எம்புள்ளைய நாளை மறுநாள் கட்டிக் குடுக்கப்போறேன்."

"எவனைப் பத்தி?"

"மாப்பிள்ளையைப் பத்தி. ரெஜினால்டை."

"எனக்கு எந்த மாப்பிள்ளையையும் தெரியாது. அது எம்மவன் பேரு."

பத்தொன்பது வயதில் கடலில் குளிக்கச் சென்று திரும்பாத மகன். சுகிர்தம் அதை அறிந்தவளே; 'ராஜன்' என்ற வீட்டுப் பெயரால் மட்டும் அறிந்திருந்தாள். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் தெபோராள் பேசத் தொடங்கினார்.

"அந்தப் பேரு எங்காதுல விழக்கூடாதுன்னு ஒருநாள் அழுதுகிட்டே ஜெபிச்சேன். ஒரேயொரு நாள். அதுக்கப்புறம் ஒருத்தர் வாயில இருந்தும் எனக்கு அது கேக்கல. போன மாசம் அவன் கூட்டாளி வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசுனான். மழையைப் பத்திப் பேசுன மாதிரிதான் எனக்குக் கேட்டுது. ஆனா அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. மழைக்கு எதுக்கு இந்தப் பையன் அழுதான்னு அன்னைக்கே நெனச்சேன்." அவர் தம் கையிலிருந்த செவிமணியை அருவருப்போடு நோக்கினார். "சுகிர்தம், அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

சுகிர்தம் சொன்னாள். தெபோராள் கண்களை மூடிக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில், இருவரில் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி அவளுக்கு ஏற்படவில்லை. மாறாக, எஞ்சிய ஒருவர் அவள் உள்ளத்தில் பெரிதாக வளர்ந்தார். அந்த ஒருவருக்கு இறந்துபோன மகன் இருப்பான் என்று நம்ப அவள் எவ்வளவோ முயன்றாள்.

புதன்கிழமை காலை எப்சிபா சென்னையிலிருந்து வந்திறங்கினாள். அங்கு ஒரு கண் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. ஆட்டோவிலிருந்து பையை இறக்கியவள், வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். முந்தின நாள் போட்ட ஓலைப்பந்தலில் இருவர் ஏணியில் நின்று வண்ண விளக்குகள் கட்டிக்கொண்டிருந்தனர்.

"என்னம்மா பந்தல்? யாருக்குக் கலியாணம்?"

சுகிர்தம் சிரித்தாள். மகள் கேலி செய்கிறாள் என்றே நினைத்தாள். "ம், எனக்குத்தான். உள்ள வாட்டி, கலியாணப்பொண்ணு."

எப்சிபா சிரிக்கவில்லை. அவள் காதில் கருமையாய்ச் செவிமணி பதிந்திருப்பதைச் சுகிர்தம் கண்டாள். மகளை உள்ளே இழுத்துச் சென்று, கதவைச் சாத்தி, தன் கையாலேயே அவற்றைக் கழற்றினாள். பின்பு மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்: "நாளைக்கு உனக்கும் ரெஜினால்டுக்கும் கலியாணம்."

எப்சிபா கொண்டுவந்த பையின்மேலேயே அமர்ந்துவிட்டாள்.

"நிறுத்திட்டீங்கன்னுல்லா நெனச்சேன்! மூணு ஞாயித்துக்கிழமையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், ஓலை வரல. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்கன்னு நெனச்சேன். லீவு போட்டு வான்னு நீங்க கூப்பிட்டது, ஊர்ல இருந்துட்டுப் போவத்தான்னு நெனச்சேன்."

"எந்தச் சொல்லு?"

"அவன் வேண்டாம்னு சொன்னேன்லாம்மா? ஈஸ்டருக்கு மறுநாள். பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனான். எம்போனை வாங்கிப் பாத்தான். கூட வேலை செய்யுத பையன் ஒரு ஜோக் அனுப்பியிருந்தான். அதுக்குப் போயி எங்கழுத்தைப் பிடிச்சு, தண்ணியில முகத்தை அமுக்கி..." அவள் தன் கழுத்தைத் தடவினாள். "சுத்தி ஆளுக நிக்காவ. விளையாடுதோம்னு அவுகளைப் பாத்துச் சிரிச்சான்மா. அன்னைக்குச் சாயந்தரமே உங்களுக்குப் போன் போட்டு அழுதேன். அவன் பேரே இனிமே எங்காதுல விழக்கூடாதுன்னு ஆறுதல்கிட்ட ஜெபிச்சுட்டு, அதையே உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க, 'சரி மக்கா, உனக்கு வேண்டாம்னா வேண்டாம், அம்மா பாத்துக்கிடுதேன்'னு சொன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லல, எப்சி."

"உங்க குரல்லதாம்மா சொன்னீங்க."

சுகிர்தம் சுவரில் சாய்ந்தாள். அந்த மாலைப் பொழுது அவளுக்கு நன்றாக நினைவிலிருந்தது. 'அவங்க வந்தாங்கம்மா, பீச்சுக்குப் போனோம், தண்ணியில விளையாடுனோம்' என்று மகள் சொன்னாள். அவளும் மகிழ்ந்து கர்த்தருக்கு நன்றி செலுத்தினாள். மகளின் குரலில் அழுகையின் சாயல்கூட இல்லை. ஆனால் இடையிடையே நீண்ட மௌனங்கள் இருந்தன. வெட்கப்படுகிறாள் என்று எண்ணி அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அப்பொழுதுதான் வேறொன்றும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. நிச்சயம் நடந்த நாளன்று, பழைய அவமானம் மீண்டும் நேரலாகாதே என்ற நடுக்கத்தோடு, ஆறுதலிடம் அவள் முழங்காலிட்டு ஜெபித்தாள். அந்த ஜெபத்தின் சொற்கள் ஒன்றும் விடாமல் அவளுக்கு மனப்பாடம்: ஆண்டவரே, இந்தக் கலியாணத்திற்குத் தடை என்ற ஒரு சொல் என் காதில் விழக்கூடாது.

அது விழவில்லை. கேட்டது கேட்டபடியே அருளப்பட்டிருந்தது.

"எந்திரி" என்றாள் சுகிர்தம். "ஐயர் வந்திருப்பாரு."

போதகர் அப்போதுதான் மதுரையிலிருந்து திரும்பி, ஆலயத்தை ஒட்டிய அலுவலறையில் அமர்ந்திருந்தார். முப்பதாண்டுகளாக அருட்பணி செய்பவர். ஒருவரிடத்தும் கடிந்து பேசாதவர். தாயும் மகளும் நுழைவதைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. எப்சி, எப்பம்மா வந்த?"

"ஐயா," என்று சுகிர்தம் தொடங்கினாள். "இந்தக் கலியாணத்துக்குத் தடை இருக்கு. மாப்பிள்ளை எம்புள்ளையக் கொல்லப் பாத்திருக்கான். இது நடக்கக்கூடாது."

போதகர் கனிவோடு புன்னகைத்தார். "கண்டிப்பாம்மா. பத்தரைக்கெல்லாம் தொடங்கிருவோம். மழை வராதபடிக்கு நானும் ஜெபிக்கேன்."

சுகிர்தம் மகளைப் பார்த்தாள். எப்சிபா முன்னே வந்து உரத்த குரலில் சொன்னாள்: "எனக்குச் சம்மதம் இல்ல, ஐயா! அவன் எங்கழுத்தைப் பிடிச்சுத் தண்ணியில அமுக்குனான்!"

"சந்தோஷம்மா, ரொம்பச் சந்தோஷம்." போதகரின் கண்கள் பனித்தன. அவர் கையை உயர்த்தி, அலறி நிற்கும் அப்பெண்ணின் தலைமேல் ஆசியாக வைத்தார். "உங்கப்பா இருந்து பாத்திருந்தா எவ்வளவு மகிழ்ந்திருப்பாரு!"

தலைமுடியின் நரைக்கிடையே அவருடைய இரு காதுகளிலும் செவிமணி இருந்தது. சபையில் சமாதானம் நிலவ வேண்டுமென்பதைத் தவிர அந்த நல்ல மனிதர் வேறெதையும் என்றும் ஜெபித்திருக்கமாட்டார் என்பதைச் சுகிர்தம் உணர்ந்தாள். அவர் எதிரே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும், இரு பெண்களின் மகிழ்ச்சியே அவருக்குக் கேட்கும். போதகரின் காதைத் தொட்டுப் பிடுங்க அவள் கை எழுந்தது. பாதிவழியில் கூசி நின்றது.

அவள் திரும்பி, அலமாரியிலிருந்த விவாகப் பதிவேட்டை எடுத்தாள். மறுநாளைக்கு உரிய பக்கத்தில் எல்லாக் கட்டங்களையும் அவளே முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தாள். ஒரு கட்டத்தில் 'இல்லை' என்றிருந்ததை அடித்தாள். அதன்மேல் பெரிய எழுத்துகளில், தாள் கிழியுமளவு அழுத்தி எழுதினாள்: தடை உண்டு. பெண்ணுக்குச் சம்மதமில்லை, மணமகன் அவளைக் கொல்ல முயன்றான். சொல்பவர், பெண்ணின் தாய் சுகிர்தம். நாங்கள் இருவரும் இதைத்தான் உங்களிடம் இப்போது சொன்னோம். காதில் உள்ளதைக் கழற்றுங்கள்.

பதிவேட்டை அவர் முன்னே திருப்பி வைத்தாள். மை அவர் கண்ணுக்கு எதையும் மாற்றிக் காட்டவில்லை.

போதகர் ஒருமுறை வாசித்தார். நிமிர்ந்து எப்சிபாவின் முகத்தைப் பார்த்தார்; கண்ணீரால் நனைந்த அம்முகத்தை அப்போதுதான் காண்பவர்போல் பார்த்தார். மறுமுறை வாசித்தார். அவருடைய விரல்கள் காதுகளுக்குச் சென்றன. கழற்றிய செவிமணிகள் மேசைமேல் உருண்டு நின்றன. எப்சிபாவின் விசும்பல் அவருக்குக் கேட்டது.

"இந்தக் கலியாணம் நடக்காது," என்றார் போதகர். "மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ச் சொல்லுதேன். நீ பயப்படாதம்மா."

அவர் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். பின்பு திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார். 

"சுகிர்தம், இதே அறைக்கு எத்தனையோ பொண்ணுக கலியாணத்துக்கு முன்னால வந்து ஆசி வாங்கிட்டுப் போனாங்க. எல்லாரும் சந்தோஷமாப் பேசுனாங்க." அவர் மேசைமேலிருந்த செவிமணிகளைப் பார்த்தார். "அவுக எங்கிட்ட என்ன சொன்னாங்கம்மா?"

சுகிர்தம் பதிவேட்டின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். கிறிஸ்மஸ் தொடங்கி இந்நாள்வரை பத்தொன்பது திருமணங்கள். ஒவ்வொன்றிலும், தடை என்ற கட்டத்திற்கு நேரே, அவளுடைய திருத்தமான உருண்டைக் கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது.